வளைவுக்கு என்று வைத்த பன்றி

என் வீட்டுக்காரர் மக்காரியோவைச் சபைக் கட்டட நிதிக்குத் தலைவராகப் போட்டார்கள். அன்றிலிருந்து அவர் சட்டைக் காலர் இறங்கவே இல்லை. குளிக்கப் போனாலும் கையில் கணக்கு நோட்டு.

எங்கள் மலையில் அவரை மிஞ்சிய கொத்தனார் கிடையாது. ஆனால் மனதுக்குள் அவர் கட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வளைவு. சபை வாசலில், இரும்பு எழுத்து வைத்து, பஸ்ஸில் போகிறவன் கழுத்து சுளுக்கிக்கொள்கிற உயரத்தில்.

"ஏங்க, கைப்பிள்ளைக்காரிங்களுக்கு ஒரு ரூம் போடலாமே? பிள்ளை அழுதா வெளிய வந்துடுறோம். பாதிப் பிரசங்கம் வெண்ணெய்ப்பழ மரத்தடியிலதான் போகுது."

"ரூமை யாரு புள்ள பார்ப்பா? வளைவுன்னா ரோட்டுல போறவன் பார்ப்பான்."

"ரோட்டுல போறவன் போயிடுவான். நாங்கதானே நனையிறோம்?"

"பிள்ளைங்க வளர்ந்துடும் சோய்லா. வளைவு அப்படியே நிக்கும்."

போன மழையில் நனைந்து என் கைக்குழந்தை நோயெமி பத்து நாள் இருமினாள். அது அவர் நோட்டில் ஏறவில்லை.

சோளம் அறுத்ததும் முதற்பலனைச் சபை முற்றத்தில் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். கோழி, பூசணி, சோளக்கதிர் என்று வரும். இந்த வருடம் மக்காரியோ புதிதாக இரண்டு விதி எழுதினார். ஒவ்வொரு வீடும் தனக்கு ரொம்பப் பிரியமானதைக் கொண்டுவர வேண்டும். அது எந்த வேலைக்கு என்பதைக் கொடுக்கிறவரே சொல்ல வேண்டும்.

வாசித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் பார்த்தார். அங்கே என் சினைப் பன்றி படுத்திருந்தது.

"உனக்குப் பிரியமானது எதுன்னு ஊருக்கே தெரியும். கூட்டிட்டு வந்து 'வளைவுக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"சரிங்க."

நான் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே இல்லை. மனுஷன் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு டெல்ஃபினா அக்காவோடு தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை கட்டினேன். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கே தமாலே கிடைக்கும் என்று ஊருக்குத் தெரியும். கட்டட நிதிக்காக மாதர் சங்கம் ஆறு வாரமாக விளக்கேற்றி விற்றுக்கொண்டிருந்தது. இலையில் மாவை மடித்தபடியே என் யோசனையை அக்கா காதில் போட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் ஒரு தமாலே தரையில்.

"ஏண்டி, பாஸ்டரைக் கண்டாலே தூணுக்குப் பின்னால ஒளியிறவ, நீயா சொல்லப் போறே?"

"சொல்லித்தானேக்கா ஆகணும்."

ஏல நாளில் பாஸ்டர் ஒத்தோனியேல் என் பெயரைக் கூப்பிட்டார். பிள்ளையை இறுக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"பன்னி எங்க?" மக்காரியோ பல்லைக் கடித்தார்.

"பாஸ்டர் ஐயா... எனக்கு ரொம்பப் பிரியமானது இவருதான். இவரோட பன்னெண்டு சனிக்கிழமையைக் கொடுத்துடுறேன். பிள்ளைங்க ரூமுக்கு."

முற்றமே குலுங்கியது. சனிக்கிழமை என்றால் அவருக்கு ஊஞ்சல் படுக்கை, ரேடியோவில் கால்பந்து. வேறெதுவும் கிடையாது.

"ஐயா, ஆளை ஏலம் விடலாமா?" என்று பதறினார் மக்காரியோ.

"பிரியமானதுன்னுதானே போட்டிருக்கு பிரதர்? உங்க கையெழுத்துதான்."

விரிசல் விட்ட சுவர் வைத்திருந்தவர்களெல்லாம் கை தூக்கினார்கள். கடைசியில் டெல்ஃபினா அக்கா எழுந்தாள். "மாதர் சங்கத்து தமாலே பணம் மொத்தமும்! எங்களுக்கு வேணும் இவரு. ரூமைத்தான் கட்டப் போறாரு!"

அவ்வளவுதான். அந்தப் பணத்தில் சிமென்டும் தகரமும் வந்தன. கையும் கரண்டியும் இவருடையவை.

முதல் சனி முணுமுணுத்தார். இரண்டாவது சனி ரேடியோவைக் கொண்டுவந்து செங்கல் மேல் வைத்துக்கொண்டார். மூன்றாவது சனி, யாரும் சொல்லாமலே ஜன்னலை நான்கு செங்கல் வரி கீழே இறக்கினார். உட்கார்ந்து பால் கொடுக்கிறவளுக்கும் பிரசங்க மேடை தெரியட்டும் என்று. அதைப் பார்த்து என் கண் கலங்கிவிட்டது.

நேற்று நல்ல மழை. புது ரூமின் தகரம் படபடத்தது. நோயெமி மடியில் தூங்கினாள். அவள் பிறந்த பிறகு முதல்முறையாக ஒரு பிரசங்கத்தை ஆமென் வரைக்கும் கேட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவருக்கு அடுத்தபடியாக மக்காரியோவுக்கு.

வீட்டுக்கு வந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார், "நெசமாவே நான்தானா புள்ள உனக்கு ரொம்பப் பிரியமானது?"

"ஆமாங்க."

முகம் மலர்ந்தது. மீசையைத் தடவிக்கொண்டார். "பன்னியவிடவா?"

"பின்னே? பன்னிக்குச் சுவர் கட்டத் தெரியாதே!"