தவளைக்கு ஒரே ஒரு ரசிகர்

"மறுபடியும் விழுந்துட்டாரு!"

அட்டையில் எழுத்து வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் திடுக்கிட்டு வாயை மூடினார். தன் பார்வையைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்துவிட்டார், பாவம். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் நம்ம கண்ணாடிக்காரரோ, மேஜைக்கடியில் ஒளித்து வைத்த செல்போனை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்!

ஓய்வு நேரத்தில் அவரே உருவாக்கிய மொபைல் கேம். ஒரு தவளை, ஒரு குளம், வரிசையாகத் தாமரை இலைகள். தாவித் தாவிக் கரை சேர வேண்டும். எட்டு மாத உழைப்புக்கு டவுன்லோட் செய்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் அவரே. இன்னொருத்தி மனைவி, அவளும் இரண்டாம் நாளே அழித்துவிட்டாள். மூன்றாமவர் யாரென்று தெரியாது. ஆனால் தவறாமல் மூன்று வேளையும் ஆடினார். ஒரு நாளைக்கு நாற்பது ஆட்டம். நாற்பதிலும் முதல் இலையிலேயே வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். அத்தனையும் கண்ணாடிக்காரர் போனுக்குத் தகவலாக வந்துவிடும்.

"எனக்குன்னு இருக்கறது ஒரே ஒரு ரசிகர். அவரும் வெறுத்துப்போய் விட்டுட்டுப் போயிட்டா, நான் யாருக்காக இதைக் கட்டிக்கிட்டு அழறது?" என்று வீட்டில் புலம்பினார்.

"போகட்டுமே. ஞாயித்துக்கிழமையாவது ஃபேன் துடைப்பீங்க" என்றாள் மனைவி.

அவர் இலையை இரண்டு மடங்கு பெரிதாக்கினார். மறுநாள் விழுந்த கணக்கு அறுபத்திரண்டு.

"பாய் மாதிரி விரிச்சு வெச்சிருக்கேன், அதுலயும் விழறாருடி!"

"கண்ணுல ஏதாவது கோளாறா இருக்கும். உங்க கடைக்கே வரச் சொல்லுங்க."

அவள் கேலியாகச் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். இலைக்குப் பளிச்சென்று மஞ்சள் அடித்தார். எங்கே தாவ வேண்டும் என்று யானை சைஸில் அம்புக்குறி போட்டார். எழுபது முறை விழுந்தார் அந்த மகானுபாவர்.

கடைசியில் கண்ணாடிக்காரர் துணிந்துவிட்டார். எங்கே தொட்டாலும் தவளை நேராகக் கரையில் போய் நிற்கும், விழவே விழாது. மேளம் கொட்டும், கைதட்டல் கேட்கும், மாலை விழும். போதாதென்று, 'குறை இருந்தால் அழைக்கவும்' என்று தன் செல் நம்பரையும் போட்டு வைத்தார்.

மறுநாள் காலை ரசிகர் இரண்டு முறை ஜெயித்தார். மதியம் ஆடவில்லை. மாலையும் இல்லை. அடுத்த நாள் பூஜ்யம். அதற்கடுத்த நாளும் பூஜ்யம்.

கண்ணாடிக்காரர் முகம் தொங்கிப்போனது. அன்று யாருடைய வலது கண்ணுக்கோ இடது கண் பவரை எழுதிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மனைவிகூடக் கேலியை நிறுத்திவிட்டாள். அதுதான் அவரை ரொம்பவும் பயமுறுத்தியது.

நாலாம் நாள் காலை, கடை திறக்கும் நேரத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் குரல். பின்னால் ஒரு குழந்தை வீடே இடிந்துவிழும்படி வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அந்தத் தவளை கேம் பண்ணினது நீங்களா?"

"நானேதாம்மா!" அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மூணு நாளா உங்களைக் காணோமேன்னு தவிச்சுப்போயிட்டேன். ஜெயிக்கறது இன்னும் கஷ்டமா இருக்கா? வேற ஏதாவது ஈஸியாக்கித் தரட்டுமா?"

"ஜெயிக்கணும்னு யாருங்க அழுதா? அது தொபுக்குன்னு தண்ணியில விழுந்தாத்தான் எங்க வீட்டு வாண்டு சிரிச்சுக்கிட்டே வாயைத் திறக்கும். மூணு நாளா ஒரு வாய் ஊட்ட முடியல, தயவுசெஞ்சு அந்தத் தவளையைப் பிடிச்சுத் தள்ளிவிடுங்க!"