ஓடமாட்டேன் என்ற ஓட்டக்காரன்

மொன்றியலிலேயே மிக வேகமாக ஓடக்கூடிய மனிதன் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தான். மொன்றியலிலேயே மிக மெதுவாக நடந்த மனிதனும் அதே வீட்டில்தான் குடியிருந்தான். இரண்டும் ஒரே ஆள். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். "கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்கோ அம்மா" என்கிறாள். ஏன் குறைக்கவேண்டும்? பார்த்தவள் நான்.

அவனுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது என் நாக்கில் ஏறாது. லாசால் பகுதியில் எங்கள் கட்டடத்துத் தமிழாட்கள் எல்லோருக்கும் அவன் ஓட்டக்காரன். ஹெயிற்றியில் இருந்து வந்த தாய் தகப்பனுக்கு இந்த ஊரிலேயே பிறந்தவன். கதவால் நுழையும்போது தோளைச் சரித்துத்தான் வருவான்.

அவன் ஆடும் விளையாட்டைச் சொல்லவேண்டும். கால்பந்து என்று பெயர். பந்து இருப்பதோ கையில். அதுவும் உருண்டை இல்லை, முட்டை மாதிரி. ஒருவன் அந்த முட்டையை எங்கள் ஓட்டக்காரனின் வயிற்றில் திணிப்பான். இவன் அதை அணைத்துக்கொண்டு, எதிரே மதில்போல நிற்கும் தடியர்களுக்குள் ஓடவேண்டும். ஐந்தாறு பேர் இவன்மேல் விழுவார்கள். எழும்பினால் திரும்பவும் அதே முட்டை, அதே வயிறு. இதைச் சனம் சீட்டு வாங்கிக் குளிரில் இருந்து பார்க்கிறது. அந்தச் சனத்தில் என் மருமகன் சிவநேசனும் ஒருவர். ஓட்டக்காரனின் இலக்கம் போட்ட சட்டையைக் குளிருடுப்புக்கு மேலே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்.

என்னை ஓட்டக்காரன் "மாமி" என்றுதான் கூப்பிடுவான். மருமகன் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியது. பிரெஞ்சுக்காரர் பாட்டியை மாமி என்பார்களாம். ஆகவே இந்த வீட்டில் எல்லோரும் என்னைப் பாட்டி என்கிறார்கள் என்று அவன் நினைத்திருந்தான். நானும் திருத்தவில்லை. என்னுடைய பிரெஞ்சு தையல் தொழிற்சாலையில், பக்கத்து மெஷினில் இருந்த ஹெயிற்றிக்காரி ஒருத்தியிடம் பொறுக்கியது. அதனால் நாங்கள் இருவரும் கதைத்தால் எங்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்குத்தான் விளங்காது. அவன் சொன்னதையெல்லாம் இங்கே எங்கள் தமிழில் சொல்லுகிறேன்.

பஸ் தரிப்பில் என்னைக் கண்டால் பைகளை வாங்கிவிடுவான். அரிசிப் பையைக் கக்கத்தில் வைத்து முழங்கையைப் பூட்டுவான். பிறகு அதை யாரும் பறிக்க ஏலாது. இரண்டாம் மாடி பிலோமினா, மன்னார்க்காரி, ஒருநாள் தன் பாணை அவனிடமிருந்து வாங்கப் பார்த்தாள். இவள் இழுக்க இழுக்க அவன் கை தன்பாட்டில் இறுகியது. பாண் அப்பளமாக வந்தது. பாவம், அது தொழில் பழக்கம்.

இப்படி இருக்க, ஒரு மே மாதம் மற்ற விளையாட்டுக்காரர் எல்லோரும் பயிற்சிக்குப் போக, இவன் வீட்டில் இருந்துவிட்டான்.

மருமகன் ரிவியில் பார்த்துவிட்டு வந்து குதித்தார்.

"மாமி, உங்கட ஆள் துரோகி. ஒப்பந்தத்தில இன்னும் ஒரு வருசம் கிடக்கு. சம்பளம் கூட்டித் தந்தால்தான் வருவாராம்."

"தம்பி, நீங்கள் போன வருசம் வேலை மாறினது என்னத்துக்கு?"

"அது வேற மாமி."

"என்ன வேற? உங்களுக்கு மேல ஆரும் விழுந்தவையே?"

மறுநாளே அந்தச் சட்டையை உள்பக்கம் வெளியே வரப் போட்டுக்கொண்டு போனார். இலக்கம் தெரியக்கூடாதாம். அதுதான் அவருடைய போராட்டம்.

அவன் விளையாடும் கழகம் சொன்னது இவ்வளவுதான்: போன இலையுதிர் காலத்தில் முழங்காலில் அடிபட்டவன். மைதானத்துக்கு வந்து ஓடிக்காட்டட்டும், பிறகு பார்க்கலாம். ஓட்டக்காரன் சொன்னதும் அவ்வளவுதான்: நாலு வருடம் ஓடிக்காட்டினேன், முதலில் புது ஒப்பந்தக் கடுதாசி, பிறகு கால். அதற்குக் கழகம் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தது. அதற்குள் வராவிட்டால் அவன் இடம் வேறொருவனுக்கு. இவனை விளையாடவும் விடமாட்டார்கள், வேறு கழகத்துக்குப் போகவும் விடமாட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் கறிக்கு இரண்டுதரம் உப்புப் போட்டேன்.

அன்றிலிருந்து அவன் ஓடுவதை நிறுத்தினான். மைதானத்தில் மட்டுமில்லை, எங்கேயும். யாராவது போனில் படமெடுத்தால் கழகம் இலவசமாகச் சோதனை பார்த்துவிடும் என்பது அவன் கணக்கு. பஸ் கண்ணுக்கு முன்னால் புறப்படும், நடப்பான். மழை கொட்டும்; எல்லோரும் ஓடுவோம், அவன் நனைந்துகொண்டே நடப்பான். "கோயில் பெருநாளில மாதா சுருவத்துக்குப் பின்னால ஊர்வலம் போற மாதிரியெல்லோ போறான்" என்பாள் பிலோமினா.

ஒரு நாள் தெருக் கூட்டுகிற நேரம் அவன் கார் பிழையான பக்கத்தில் நின்றது. பச்சைச் சீருடைக்காரி தண்டச் சீட்டு எழுதத் தொடங்கினாள். நான் யன்னலால் கத்தினேன், "ஓடு ராசா, எழுதுறாள்." அவன் வாசலில் இருந்து கார் வரைக்கும் பூசைக்குப் போகும் ஆயரைப்போல நடந்தான். அவள் எழுதி, கிழித்து, கண்ணாடியில் செருகிவிட்டு அடுத்த காருக்கே போய்விட்டாள்.

என் குசினியில் எண்ணெய் கருகிப் புகை மணி அடித்த நாள் அதைவிட மோசம். முழுக் கட்டடமும் இறங்கி ஓடியது. நெருப்பணைக்கும் ஆட்கள் வந்து ஆளெண்ணும்போது ஓட்டக்காரனைக் காணவில்லை. ஆறுதலாகப் படியிறங்கி வந்தான். கக்கத்தில் பிலோமினாவின் மாதா சுருவம், முட்டைப்பந்து பிடிக்கிற அதே பிடியில். "ஓடி வா" என்று நெருப்பணைப்பவன் கத்த, "புது ஒப்பந்தம் இல்லை" என்றான். சுருவத்தை அவன் கையிலிருந்து எடுக்கக் கால்மணித்தியாலம் பிடித்தது.

கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒருநாள் அவனைக் கேட்டேன்.

"அந்தப் பழைய கடுதாசியில என்னதான் ராசா எழுதிக் கிடக்கு?"

"தெரியாது மாமி. என்ர முகவர் பாத்தவர். நான் கையெழுத்து வச்சனான்."

"உனக்கு வாசிக்கத் தெரியும்தானே?"

"தெரியும். இருபத்திரண்டு பக்கம் மாமி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. தொழிற்சாலையில் முதல் வருடம் மேற்பார்வையாளன் ஒரு தாளை நீட்டி, உடுப்பு வைக்கும் பெட்டியின் திறப்பைத் தருவதற்கு என்றான். கையெழுத்துக்குப் பதில் புள்ளடி போட்டேன். மேலதிக நேரத்துக்குச் சம்பளம் கேட்கமாட்டேன் என்று நானே ஒப்புக்கொண்ட தாள் அது. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்தக் கடுதாசி வந்தாலும் இரண்டு பேர் எனக்கு உரத்து வாசிக்கவேண்டும். வேறு வேறு நாளில், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியக்கூடாது. நான் தாளைப் பார்ப்பதில்லை. வாசிக்கிறவரின் முகத்தைப் பார்ப்பேன். எங்கே தடக்குகிறதோ அங்கேதான் விசயம் இருக்கும். அவனுக்கும் இதைச் சொன்னேன்.

"தெரியாமல் நான் புள்ளடி போட்டன். தெரிஞ்சும் நீ போட்டிருக்கிறாய். போய்க் கொண்டுவா."

போனான். நடந்துதான்.

அவன் கடுதாசியோடு வந்த நேரம் பார்த்து மருமகன் உடுப்புக் கூடையோடு வந்தார். சட்டை இன்னும் உள்பக்கம் வெளியே. ஓட்டக்காரனைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார். நான் விடவில்லை.

"தம்பி, இருங்கோ. இதை வாசியுங்கோ."

"மாமி, இவற்ற கடுதாசியை நான் ஏன் வாசிக்கவேணும்?"

"துரோகி எண்டு சொன்னது நீங்கள்தானே. என்ன துரோகமெண்டு வாசியுங்கோ."

கதிரையில் இருந்தார். ஆங்கிலத்தில் இருந்ததை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். பக்கத்தைப் புரட்டினார், விரல் வேகமாகக் கீழே போனது.

"தாவாதேங்கோ தம்பி."

"இது வெறும் சட்டப் பாஷை மாமி."

"நானும் சட்டம்தான் கேக்கிறன். ஒவ்வொரு வரியா."

ஏழாம் பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. திரும்ப மேலே போய், அதே வரியில் இன்னொருதரம் வந்தது.

"என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை மாமி."

"ஒண்டுமில்லாததை ஏன் ரெண்டுதரம் வாசிச்சனீங்கள்?"

மருமகன் கண்ணாடியைக் கழற்றினார். "கழகம் நினைச்சால் எந்த நாளும் இவரை நிப்பாட்டலாமாம். காரணம் சொல்லத் தேவையில்லை. நிப்பாட்டினால் அண்டையோட சம்பளமும் முடிஞ்சுது." விரலை அடுத்த வரிக்கு இறக்கி, "இவர் நினைச்சால் நிக்க ஏலாது. வேற இடத்துக்குப் போகவும் ஏலாது" என்றார்.

"அப்ப கட்டிப்போட்டது ஆரை?"

"இவரை மட்டும்தான் மாமி."

தோய்க்கிற மெஷின் சுற்றி முடிந்து நின்றது. மருமகன் எழும்பினார், சட்டையைக் கழற்றினார், இலக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டார். "பேப்பட்டம் கட்டி ஏமாத்தியிருக்கிறாங்கள் மனுசனை" என்றார். அன்று பின்னேரத்துக்குள் அவருக்கு என்னைவிடக் கோபம். மூலை டெப்பனர் கடையில் நின்று, பால் வாங்க வந்த ஆட்களுக்கெல்லாம் அந்த ஏழாம் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இரண்டாவது ஆள் வேண்டும் அல்லவா. நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம், வீட்டு உறுதி, ஒப்பந்தம் மாதிரிக் கடுதாசி எழுதும் அலுவலகம் ஒன்றில் பிலோமினாவின் மகளுக்கு வேலை. கழகம் குறித்த வெள்ளிக்கு முதல்நாள், ஒரு டப்பா வடையும் கடுதாசியும் பையில் வைத்துக்கொண்டு அவளிடம் போனேன். பிள்ளை வடை சாப்பிட்டுச் சாப்பிட்டு வாசித்தாள். அதே இடத்தில் வடை வாயிலேயே நின்றது. மருமகன் சொன்னதில் ஒரு சொல்லும் பிசகவில்லை. கடுதாசி பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் கோபம். நேராகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்று அவ்வளவு நம்பிக்கை.

அந்தக் கோபத்தோடு பஸ்ஸில் வந்தேன், கோபத்தோடு இறங்கினேன். தரிப்பில் ஓட்டக்காரன் நின்றான். வழக்கம்போல் பையை வாங்கக் கையை நீட்டினான். என் கையில் பை இல்லை. பஸ் புறப்பட்டுவிட்டது. பை உள்ளே, இருக்கையில். அதற்குள் விடிந்தால் கழகத்துக்குக் கொண்டுபோய் அந்த வரியைக் காட்டவேண்டிய கடுதாசி.

"ராசா, உன்ர கடுதாசி" என்றேன். கையால் பஸ்ஸைக் காட்டினேன்.

அவன் பஸ்ஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஓடினான்.

ஐந்து கிழமையாக நடந்த மனிதன். அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்வது? தள்ளுவண்டி தள்ளியவள் ஒதுங்க முதலே அவளைத் தாண்டிவிட்டான். சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்து விழப் பார்த்தான். முதல் தரிப்பில் பஸ் நிற்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. சிவப்பு விளக்கில் பஸ் நிற்க, இவன் முன்னால் போய் நின்று கண்ணாடியில் தட்டினான். சாரதி கதவைத் திறந்தான். தெருவில் நின்ற அத்தனை பேரும் போனைத் தூக்கியிருந்தார்கள்.

பையைக் கக்கத்தில் பூட்டிக்கொண்டு நடந்து வந்தான். மூச்சுக்கூட வாங்கவில்லை.

"வடை மிச்சம் இருக்கோ மாமி?"

"விசரோ உனக்கு? எல்லாரும் படமெடுத்துப்போட்டாங்கள். ஐஞ்சு கிழமை வீணாப் போச்சே."

"ஓம்" என்றான். எங்கள் ஓம் அவனுக்கு நன்றாக வரும். பிறகு ஆறுதலாகச் சொன்னான், "முகவரிட்ட இந்தக் கடுதாசியில மூண்டு பிரதி இருக்கு."

"அப்ப என்னத்துக்கு ஓடினனீ?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், கடுதாசியைப் பாக்காதை, முகத்தைப் பார் எண்டு. நான் உங்கட முகத்தைப் பாத்தனான்."

பையைத் திறந்தேன். டப்பாவை அப்படியே அவன் கையில் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் ரிவியில் அந்த ஓட்டம் போனது. ஓரத்தில் வாயைப் பிளந்தபடி நானும் நிற்கிறேன். முகவர் போனில் கத்திய சத்தம் மூன்றாம் மாடியிலிருந்து எங்களுக்குக் கேட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் கழகமே கூப்பிட்டது. முழங்கால் நல்லாத்தான் இருக்காம். எனக்கு அதிலும் கோபம்தான். நாலு வருடம் அவர்களுக்காக ஓடியதை நம்பாதவர்கள், ஒரு வடைப் பைக்காக ஓடியதை நம்பினார்கள்.

புதுக் கடுதாசியை அவன் நேரே எங்களிடம் கொண்டுவந்தான். முதலில் மருமகன் வாசித்தார். மறுநாள் பிலோமினாவின் மகள். விளையாடினாலும், அடிபட்டுப் படுத்திருந்தாலும், இரண்டு வருடத்துக்குச் சம்பளம் உண்டு. இரண்டு முகமும் தடக்கவில்லை. நான் தலையாட்டினேன். தோய்க்கிற மெஷினுக்கு மேலே வைத்துக் கையெழுத்துப் போட்டான். மூடியில் அந்தப் பேனையின் கோடு இப்போதும் இருக்கிறது.

அவனுக்கு நல்லது நடக்கவேண்டும் என்று வாதாடியவள் நான்தான். நல்லது நடந்தது, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் மாடிக்கு இப்போது யாரோ வந்திருக்கிறார்கள். கண்டால் பொன்ஜூர் சொல்கிறார்கள், அவ்வளவுதான். என் அரிசிப் பையை மருமகன் தூக்குகிறார், முனகிக்கொண்டு.

ஆனால் வீட்டுக் கடன் கடுதாசி வந்தாலும், அங்கே பிறந்த அவன் மகளைக் கார்டறியில், பிள்ளைக் காப்பகத்தில், சேர்க்கும் படிவம் வந்தாலும், அவன் அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறான். வாசிக்கத் தெரிந்தவன், வாசிக்கத் தெரியாதவளின் முன்னால் இருந்து உரத்து வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைக்கிறான். எங்கள் தெருவின் கார் நிறுத்தும் பலகைகளை இன்னும் மன்னிக்கவில்லை. ஆகவே மஞ்சள் மெட்ரோ எடுத்து, மாறி, பஸ்ஸில் வருகிறான். பஸ்ஸால் இறங்கியதும் எங்கள் வாசல் வரைக்கும் ஓடியே வருகிறான். அதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. நான் பல்கனியில் நின்று சொல்லிக்கொண்டிருப்பேன், "மெல்ல வா ராசா, முழங்கால்."