ஃப்ளூ ஊசியும் பஞ்சுக் கையும்

இனிமேல் இந்த வீட்டில் எது நடந்தாலும் தம்மைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்று அரையங்குலம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முடிவு செய்தார். எட்டேகாலுக்கு மனைவியிடம் கேட்டு அதற்கு அனுமதியும் வாங்கிவிட்டார்.

அரையங்குலம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, தெரு வைத்தது. யார் சட்டை தைக்கக் கொடுத்தாலும், "அரையங்குலம் சேர்த்தே விட்டிருக்கேன் சார், கவலைப்படாம சாப்பிடுங்க" என்பார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை. ஒரு தையல் மிஷின், ஒரு இஸ்திரி மேசை, ஒரு நிலைக்கண்ணாடி. மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். இருபது வருஷமாக ஊசி பிடித்த கை அவருடையது. ஆனால் வேறொருவர் ஊசியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையருகே வந்தால் மனிதர் வெலவெலத்துப் போவார். போன வருஷம் ஃப்ளூ வந்து ஒன்பது நாள் படுத்தார். பத்தாவது நாள் எழுந்து அதை மனைவிக்குக் கொடுத்தார். தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி அவள் எத்தனையோ தடவை கெஞ்சியும் அவரிடம் இருந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: "அடுத்த வாரம் பாக்கலாம்."

இப்போது அவளுக்கு ஆறாவது மாதம். ஏழு வருஷம் காத்திருந்து வரப்போகும் முதல் பிள்ளை. அவளோ மழலையர் பள்ளி டீச்சர். வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள், முப்பத்திரண்டு மூக்குகள். இந்த மாதம் அத்தனை மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்னங்க, ஒரு விஷயம் கேக்கணும்" என்றாள் அன்று காலை, செருப்பைத் தேடிக்கொண்டே.

"கேளு, கேளு. கேட்டுத்தான் செய்யணும்."

"ஃப்ளூ ஊசி போட்டுக்கலாமா, வேண்டாமா? நீங்கதான் முடிவு சொல்லணும்."

நீங்கதான்! அரையங்குலத்துக்கு மார்பளவு இரண்டு அங்குலம் கூடியது. போட்டுக்கொள்ளச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"நர்ஸ் தம்பியும் போட்டுக்கச் சொல்றாருங்க" என்றாள் அவள்.

திறந்த வாய் அப்படியே நின்றது. "எந்த நர்ஸ் தம்பி?"

"டாக்டரம்மா கிளினிக்ல புதுசா வந்திருக்காரே, அவருதான். ஊசி போட்டா போட்டதே தெரியாது. கை அப்படியே பஞ்சு!"

"பஞ்சா?"

"பஞ்சுங்க. அதுவும் என்ன பொறுமை, என்ன பேச்சு! சில பேர் வீட்டுல பேசவே காசு கேப்பாங்க. அவரு அப்படியில்ல."

"வேண்டாம்" என்றார் அரையங்குலம்.

"எது வேண்டாம்?"

"ஊசி வேண்டாம். நான் முடிவு பண்ணியாச்சு."

"ஏன்னு சொல்லுங்களேன்."

"ஏன்னா… ஊசியைப் பத்தி எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா ஊசியோட குடித்தனம் நடத்துறவன். நேத்து வந்தவன் பஞ்சாம்! பஞ்சுன்னா தலையணைக்குள்ள போய் இருக்க வேண்டியதுதானே?"

செருப்பு கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

அரையங்குலத்துக்குக் கடையில் வேலை ஓடவில்லை. மிஷின் ஓடியது, மனசு கிளினிக் வாசலில் நின்றது. கல்யாணமான புதிதில், "எனக்கு ஒரு சந்தேகம்னா உங்களைத்தான் கேப்பேன்" என்று சொன்ன பெண் இவள். காய்ச்சல் வந்தாலும் கணக்கு இடித்தாலும் இவரைக் கேட்பாள். இவர் சொன்னது தப்பாக இருந்தாலும் பெரிய மனசு பண்ணிக் கேட்டுக்கொள்வாள். அந்த இடத்தில் இப்போது ஒரு பஞ்சுக் கைக்காரன் வந்து உட்கார்ந்திருக்கிறான். வயிறு பற்றி எரிந்தது. எரிந்த வேகத்தில் பேங்க் மானேஜருடைய பேண்டின் இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டார்.

பிரித்துக்கொண்டே யோசித்தார். வேண்டாம் என்று சொல்லியாயிற்று, அதற்கு ஒரு காரணம் பிடிக்க வேண்டும். அளவு கொடுக்க வந்தவர்களையெல்லாம் கழுத்தில் டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு விசாரித்தார். "மாசமா இருக்கிறவங்க ஃப்ளூ ஊசி போட்டுக்கலாமா சார்?" மாடி வீட்டு அக்கா, தன் மருமகள் போட்டுக்கொண்டதாகவும் தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்றும் சொன்னாள். தபால்காரர் தன் மனைவி இரண்டு பிரசவத்துக்கும் போட்டுக்கொண்டாள் என்றார். கடைசியில் குடை ரிப்பேர்காரர்தான் கைகொடுத்தார். "கூடவே கூடாது! அதைப் போட்டா அதனாலேயே ஃப்ளூ வரும்" என்று மூன்று தடவை தும்மிவிட்டுச் சொன்னார். அரையங்குலம் அவருக்கு ஒரு பித்தானை இனாமாகவே தைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார். "விசாரிச்சுட்டேன். போடக்கூடாதாம். அதனாலேயே ஃப்ளூ வருமாம்."

"யார் சொன்னா?"

"விவரம் தெரிஞ்ச ஒருத்தர்."

"டாக்டரா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா?"

"குடை ரிப்பேர் பண்றவரு."

அவள் அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினாள். "அவருக்குக் கல்யாணமே ஆகலையே!"

"அதனாலதான் நிதானமா யோசிச்சுச் சொல்றாரு."

"சரிங்க. நீங்க வேண்டாம்னா வேண்டாம். டாக்டரம்மாவை மட்டும் ஒரு வார்த்தை நீங்களே கேட்டுடுங்க. நர்ஸ் தம்பிகிட்ட நான் வரலைன்னு சொல்லிடறேன். பாவம், மனசு கஷ்டப்படுவாரு."

அவன் மனசு வரைக்கும் போய்விட்டது! அன்றைக்கு அரையங்குலத்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"தாராளமா போட்டுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "எத்தனாவது மாசமா இருந்தாலும் சரி. உயிரில்லாத கிருமியில செய்யற மருந்து, அதனால ஃப்ளூ வராது. கை வலிக்கும், ஒரு நாள் ரெண்டு நாள் உடம்பு லேசா கதகதன்னு இருக்கலாம், அவ்வளவுதான். மாசமா இருக்கிறப்போ ஃப்ளூ வந்தாத்தான் பாடு. தாய் போட்டுக்கிட்டா பிறக்கிற பிள்ளைக்கும் சில மாசம் பாதுகாப்பு. ஆமா, நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

"ஹலோ? ஹலோ? சரியா கேக்கலை டாக்டரம்மா!" என்று அரையங்குலம் போனை வைத்துவிட்டார்.

பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று கேட்ட பிறகு மனிதரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவர் பொறாமைக்காரர்தான், கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் அந்தப் பஞ்சு தன் மனைவியின் கையைத் தொடக்கூடாது. மத்தியானம் பூராவும் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார்.

"போட்டுக்கலாம்" என்றார் அன்று சாயங்காலம். "என் முடிவு. ஆனா அந்தப் பெரிய நர்ஸம்மாதான் போடணும்."

"அவங்க லீவுல போயிருக்காங்களே. நர்ஸ் தம்பி மட்டுந்தான் இருக்காரு."

"அப்ப அடுத்த மாசம் போட்டுக்கலாம்."

"அதுக்குள்ள என் கிளாஸ்ல முப்பத்திரண்டு பேரும் என் மேல தும்மி முடிச்சிருப்பாங்க. பரவாயில்லைங்க, நான் மட்டும் சனிக்கிழமை போயிட்டு வந்துடறேன். நீங்க கடையைப் பாருங்க."

"மட்டுமா? நானும் வர்றேன்!"

"உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? ஊசியைப் பாத்தாலே உங்களுக்கு வேர்க்குமே."

"எனக்கா? வேர்க்குமா?" என்றார் அரையங்குலம், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

சனிக்கிழமை இருவரும் போனார்கள். சீட்டு எழுதும் மேசையில் மனைவி குனிந்து ஏதோ சொல்லி எழுதி வாங்கினாள். அரையங்குலம் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் உள்ளே இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான் அவன். ஆறடி உயரம். சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி. அதைக்கூட மன்னிக்கலாம். சட்டையைப் பார்த்தபோதுதான் அரையங்குலம் தளர்ந்துபோனார். தோள்பட்டைத் தையல் தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. அரையங்குலம் கூட்டவும் வழியில்லை, குறைக்கவும் வழியில்லை. இருபது வருஷத்தில் ஒரு ஆளிடமும் குற்றம் காணாமல் அவர் கண் திரும்பியதில்லை.

"வாங்க, வணக்கம்" என்றான் நர்ஸ் இருவரையும் பொதுவாகப் பார்த்து. "யாருக்குப் போடணும்?"

தெரியாத மாதிரி நடிக்கிறான் பார் என்று அரையங்குலம் பல்லைக் கடித்தார். மனைவியும் சளைத்தவளில்லை. முன்பின் பார்க்காதவள் போலச் சீட்டை நீட்டிவிட்டு, மெதுவாகச் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தாள். ஒரு மடிப்பு. இரண்டாவது மடிப்பு.

"நிறுத்துங்க!" என்று அரையங்குலம் நடுவில் பாய்ந்தார். "முதல்ல எனக்குப் போடு தம்பி. உன் கை எப்படின்னு நான் பாக்கணும். மாசமா இருக்கிற பொண்ணு. யாரோ ஏதோ சொல்றாங்கன்னு நான் விட முடியாது. ஊசி எந்தக் கோணத்துல இறங்குது, எந்த வேகத்துல ஏறுதுன்னு எனக்குத் தெரியும். நான் தொழில்காரன்."

"வேண்டாங்க" என்றாள் மனைவி. "உங்களுக்கு மயக்கம் வந்துடும். தம்பி முன்னாடி மானம் போயிடும்."

தம்பி முன்னாடி! அரையங்குலம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றினார்.

நர்ஸ் கேள்வி கேட்டான். காய்ச்சல் இருக்கா, ஏதாவது மருந்து ஒத்துக்காம போனதுண்டா, முன்னாடி தடுப்பூசி போட்டு ஏதாவது ஆச்சா. எல்லாவற்றுக்கும் அரையங்குலம் "இல்லை, இல்லை, நீ குத்து" என்றார். வலிக்கப் போகிறது, 'ஐயோ' என்று தெருவே கேட்கக் கத்த வேண்டும், பஞ்சின் யோக்கியதை இன்றோடு தெரிந்துவிடும் என்று கண்ணை இறுக மூடிக் காத்திருந்தார்.

"எப்ப தம்பி குத்தப்போற?"

"போட்டாச்சு சார்."

அரையங்குலம் கண்ணைத் திறந்தார். கையில் வட்டமாக ஒரு பிளாஸ்திரி. நிஜமாகவே தெரியவில்லை! வலித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தோற்றுப்போன குரலில், "சரி, இப்ப அவங்களுக்குப் போடு" என்றார்.

நர்ஸ் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். "அவங்களுக்குச் சீட்டு இல்லையே சார். இது உங்க பேர்லதானே எழுதியிருக்கு."

அரையங்குலம் மனைவியைப் பார்த்தார். அவள் மடித்த கையை நிதானமாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். அவளுக்கு ஊசி போட்ட தேதி அதில் இருந்தது. பதினைந்து நாளைக்கு முந்தைய தேதி.

"நீ… போட்டுக்கிட்டியா?"

"பின்ன? டாக்டரம்மா சொன்ன அன்னைக்கே போட்டுக்கிட்டேன். பிறந்த குழந்தைக்கு ஆறு மாசம் ஆகறவரைக்கும் இந்த ஊசி போடவே முடியாதாம். தூக்கறவங்க எல்லாரும் போட்டுக்கணும்னாங்க. உங்க கடைக்கு வர்ற ஒவ்வொருத்தரும் உங்க முகத்துக்கு நேரா நின்னுதானே இருமறாங்க? ஆறு வருஷமா கெஞ்சினேன், அடுத்த வாரம் அடுத்த வாரம்னீங்க. பிள்ளையை உங்க கையில கொடுக்கப் பயந்து நிக்க என்னால முடியாதுங்க. அதான்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் லேசாக உடைந்தது. அரையங்குலம் கையிலிருந்த பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்தார். தன்னை அழகாக வெட்டி, மடித்து, தைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டாள் என்று புரிந்தது. கோபம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. கிளினிக் வாசலுக்கு வந்ததும் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"உனக்கு யாரு ஊசி போட்டது?"

"பெரிய நர்ஸம்மா. அதுக்கப்புறந்தான் லீவுல போனாங்க."

"அப்ப அந்தத் தம்பி? பஞ்சுக் கை? பொறுமை, பேச்சு?"

"அவரை நான் பாத்ததே இல்லைங்க. மாடி வீட்டு அக்கா, புதுசா ஒரு ஆம்பளை நர்ஸ் வந்திருக்காருன்னு சொன்னாங்க. மிச்சமெல்லாம் உங்களுக்காக நானாச் சேர்த்தது."

அரையங்குலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலு நாளாக எரிந்த வயிறு குளிர்ந்தது. தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். பிளாஸ்திரி ஒட்டிய கையால் மனைவியின் பையை வாங்கி மாட்டிக்கொண்டார். "அதானே பாத்தேன்! அவ்வளவும் கட்டுக்கதையா?"

"அவ்வளவும் கட்டுக்கதைதாங்க" என்றாள் மனைவி. திரும்பிக் கிளினிக் கதவை ஒருமுறை பார்த்தாள். "ஆனா நேர்ல பாத்தப்புறந்தான் தெரியுது, நான் ரொம்பக் குறைச்சுச் சொல்லிட்டேன்."