கண்டலுக்குப் பின்னால் ஒரு வயலின்

"யூன் 3, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை விட்டேன். இசை வகுப்பு விழாவுக்கான படிவத்தில் என்ன வாசிப்பாய் என்று கேட்ட இடத்தில், 'சொந்த மெட்டு' என்று எழுதிவிட்டேன். அழிக்க றப்பர் தேடினேன். ஆனால் எழுதியது பேனையால்."

நிலோஜன் தன் நாட்குறிப்பை மூன்று தரம் வாசித்தான். பகலில் கைபேசி திருத்துபவன். மாலையில் நகரத்து வகுப்பில் வயலின் பழகுபவன். மெட்டு அவனே கட்டியதுதான். ஆனால் ஒருவர் பார்த்தாலே வில் பிடித்த கை நடுங்கும். சனத்துக்கு முன் 'இது என்னுடையது' என்று சொல்வதை நினைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"மிஸ், என்ட பேரை வெட்டிவிடுங்க."

"நோட்டீஸ் அடிச்சாச்சு மனே," என்றார் வயலின் படிப்பிக்கும் கேதீஸ்வரி மிஸ். "இன்னும் அஞ்சு கிழமை இரிக்கி. தனியப் பழகு."

வீட்டில் அறையைப் பூட்டிக்கொண்டு பழகினான். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஆருட வீட்டில கா அழுறாங்க?"

அப்பாவின் தோணியை எடுத்துக்கொண்டு வாவிக்குப் போனான். பொழுது சாயும் நேரம். தண்ணீர் செம்பு நிறத்தில் அசையாமல் கிடந்தது. முதல் வரி முடியுமுன்னே கரையிலிருந்து ஒருவர் கத்தினார்: "தம்பி, தெரிஞ்ச பாட்டொண்டு வாசியுங்க!"

அன்று தேடிய றப்பர் இப்போது கிடைத்தது. சத்தத்தை அடக்க அதைக் கம்பிகளுக்கிடையே செருகினான். கண்டல் மரங்களுக்குப் பின்னால் மறைந்து, வயலினின் தலையைத் தோணியின் அடிப்பலகையில் ஊன்றி, மூச்சு விடுவதுபோல் வாசித்தான். காற்றில் சத்தமே இல்லை. பலகை மட்டும் பாதத்தின் கீழ் அதிர்ந்தது. வாவியும் அவனோடு சேர்ந்து எதையோ யோசிப்பது போலிருந்தது.

"முறை சரி," என்று எழுதினான்.

நான்காம் நாள் தூரத்தில் இரண்டு தோணிகள் நின்றன. இருந்தவர்கள் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அதன் பிடியில் காதை வைத்திருந்தார்கள். நிலோஜனுக்கு நிம்மதி. நிலாக் காலத்தில் வாவி மீன் பாடும் என்று நம்பி, அதைக் கேட்க ஊரார் செய்வதுதான் அது. அவர்கள் கேட்பது மீனை, அவனையல்ல.

இருந்தாலும் இடைஞ்சல் வேண்டாமென்று வடக்கே ஒதுங்கினான். அடுத்த நாள் அங்கே ஐந்து தோணிகள். இன்னும் ஒதுங்கினான். ஒன்பது. மீன்களும் அவன் போன பக்கமாகவே வந்து தொலைத்தன.

பக்கத்து வீட்டு மங்கையற்கரசி அக்காவை ஒருநாள் வாசல் படலையில் கண்டான்.

"இந்த முறை மீன் நல்லாப் பாடுதா அக்கா?"

"அதையேன் கேக்காய்! போன வருசமெல்லாம் தவளை மாதிரிக் கத்திச்சு. இந்த வருசம் நெஞ்சு உருகுது. நீயும் ஒருக்கா வந்து கேளன்."

"எனக்கெங்க நேரம் அக்கா?"

அன்றைய குறிப்பு: "மீன்களுக்கு மேடைப் பயம் இல்லை. பொறாமையாக இருக்கிறது."

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் அமர்ந்தான்.

"இது... இது என்ட சொந்த மெட்டு."

சொல்லிவிட்டான். கண்களை மூடி, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றினான். மேடைப் பலகை மெல்ல மிதக்கத் தொடங்கியது. செம்பு நிறத் தண்ணீர். கண்டல் வேர்கள். ஒரு சுரமும் தவறவில்லை.

கண் திறந்தபோது, சனம் முழுவதும் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி உறைந்திருந்தது. பிறகுதான் கைதட்டல், தகரக் கூரை அதிர்ந்தது.

மேடையின் பின்பக்கம் முதலில் ஓடிவந்தவர் மங்கையற்கரசி அக்கா. கண்கள் கலங்கியிருந்தன. அவன் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நல்லா வாசிச்சாய் மனே, ஒரு பிசகில்ல. ஆனா மீன்ட பாட்டை உன்ட பாட்டெண்டு மேடையில பொய் சொல்லலாமா?"

"யூலை 12, சனி. நாளைய வேலை: மாலை ஐந்தரைக்கு, மங்கையற்கரசி அக்காவையும் வயலினையும் ஒரு துடுப்பையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்."