நாலாயிரத்து ஒன்றாவது பல்

மனித குலம் வலியை ஒழித்துவிட்டது. இந்த நற்செய்தி இன்னும் பலரைச் சென்றடையாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அவர்கள் வலியில் துடித்துக்கொண்டிருப்பதுதான். ஒழிக்கப்பட்ட இடம், ஒரு பல் மருத்துவமனையின் இரண்டாம் மாடி. ஒழித்தவர் மருத்துவர் அல்லர். 'நோயாளர் மகிழ்ச்சி மேலாளர்'. ஒழித்த கருவி, ஒரு பக்கப் படிவம்.

முறை எளிது. சொத்தைப் பல்லை அடைத்து முடித்ததும், வாய் மரத்திருக்கும்போதே நோயாளியின் கையில் பேனாவைக் கொடுத்து, "வலிக்குதா?" என்று கேட்பார்கள். வலிக்காது. உடனே கையெழுத்து. இப்படி நாலாயிரம் பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வலித்ததாக ஒரு பயல் எழுதவில்லை.

நாலாயிரத்து ஒன்றாவதாகக் கையெழுத்திட்டவள், ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்த இளம்பெண். எதையும் ஒழுங்காகச் செய்பவள். செய்துவிட்டு, ஒழுங்காகத்தான் செய்தோமா என்று கவலைப்படுபவள். திங்களன்று கடைவாய்ப்பல்லை அடைத்துக்கொண்டாள். வெள்ளியன்று இருபது கிண்ணம் ஐஸ்கிரீமை ருசித்து, குறைகளை எழுத வேண்டும். மேற்பார்வையாளருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு.

செவ்வாய்க்கிழமை காலை பச்சைத்தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். பல்லில் புறப்பட்ட மின்னல் காது வழியாக உச்சந்தலைக்குப் போயிற்று. அலறலைக் கேட்டு அண்ணன் குளியலறைக் கதவைத் தட்டினான்.

"என்னடி, கரப்பான்பூச்சியா?"

"பல்லுண்ணா. வலிக்குது... வலிக்குதுன்னுதான் நினைக்கிறேன்."

"அதைக்கூட நினைச்சுப் பார்த்துத்தான் சொல்லுவியா? போய்க் காட்டித் தொலை!"

மருத்துவமனையில் மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பதிவேட்டில் விரலை ஓட்டி முகம் மலர்ந்தார்.

"உங்களுக்கு வலி இல்லையேம்மா."

"இருக்கு சார்."

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான். ஆனா அப்ப வாய் மரத்துப்போயிருந்துச்சு."

"அப்பதாம்மா கேக்கணும். வலியோட இருக்கறவங்ககிட்ட போய் வலிக்குதான்னு கேட்டா, ஒருதலைப்பட்சமாத்தானே பேசுவாங்க?"

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. கன்னத்தைப் பிடித்தபடி கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

விவகாரம் மூவர் குழுவின் முன் வைக்கப்பட்டது: மேலாளர், மருத்துவர், வரவேற்பாளர். மருத்துவர் நல்லவர், மேலாளர் இல்லாத இடத்தில் இன்னும் நல்லவர். வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார்.

"அடைச்சது ஒரு மயிரிழை உயரமா நிக்குது. கடிச்சா அங்கதான் மொதல்ல இடிக்குது. ரெண்டு நிமிஷம் ராவி விட்டா..."

"ராவினா, ராவ வேண்டியிருந்துச்சுன்னு எழுதணுமே டாக்டர்!"

மருத்துவர் கருவியைக் கீழே வைத்தார். "புதுசா அடைச்ச பல்லு கொஞ்ச நாள் கூசத்தான் செய்யும்."

"எத்தனை நாள் டாக்டர்?"

"நீங்க எத்தனை நாள் பொறுத்துப்பீங்க?"

வரவேற்பாளர் இதை 'நோயாளியின் வசதிக்கேற்ற சிகிச்சை' என்று குறித்துக்கொண்டார்.

நோயாளியின் கூற்றைச் சரிபார்ப்பது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. ஊசி போட்டார்கள். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். கேட்டார்கள். வலிக்கவில்லை. கையெழுத்து வாங்கினார்கள். புதனன்றும் அப்படியே. வியாழனன்று அவசரத்தில் ஊசிக்கு முன்பே படிவத்தை நீட்டிவிட்ட வரவேற்பாளர், நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை அவளாகவே போய் ஊசி கேட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் போட்டு அனுப்பினார்கள்.

வெள்ளை ஓடு பதித்த அறை, இரண்டு மேசை, துப்புவதற்கு இரண்டு வாளி: இதுதான் ருசிக்கூடம். எதிர் மேசையில், எல்லாரும் 'அக்கா' என்று அழைக்கும் மூத்த ருசியாளர். இருவருக்கும் அந்த வாரத்துச் சரக்கிலிருந்து ஒரே மாதிரி இருபது கிண்ணங்கள். வெண்ணிலாவும் சாக்லேட்டும் இவள் வாயில் நனைந்த பஞ்சாக இறங்கின. ஏழாவது கிண்ணத்தில் அக்கா துப்பினார்.

"த்தூ! சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டி வச்சிருக்கானுங்க. நீ எப்படிடி முழுங்கின?"

இவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பதிலுக்குப் பதில் ஐஸ்கிரீம் வழிந்தது. ஆகவே படிவத்தில் எழுதினாள்: 'குறை எதுவும் தெரியவில்லை, ஏனெனில் பல்லுக்காக இரண்டு பக்கமும் ஊசி போட்டதில் என் நாக்கு மரத்திருக்கிறது.' இருபது கட்டத்திலும், ஒரு சொல் மாறாமல்.

மேற்பார்வையாளர் படித்தார். கண் கலங்கினார். சிவப்புப் பேனாவை எடுத்து, இருபது இடத்திலும் 'ஏனெனில்' தொடங்கி மீதியை அடித்தார்.

"பதினோரு வருஷமா இந்த ரூம்லேருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லம்மா. உப்புங்கறாங்க, புளிப்புங்கறாங்க, வண்டி வண்டியாத் திருப்பி அனுப்பறாங்க. இருபதுலயும் குறை தெரியாத மொதல் ஆளு நீதான்."

நிரந்தரப் பணி ஆணை மேசைக்கு வந்தது. ஒரே நிபந்தனை: தினமும் காலையில் கம்பெனி வண்டியில் மருத்துவமனைக்குப் போய், இரண்டு பக்கமும் ஊசி போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வர வேண்டும்.

அவள் ஆணையைப் பார்த்தாள். எதிர் மேசையைப் பார்த்தாள். கோணிய வாயைக் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சொல் சொல்லாகக் கேட்டாள்.

"சார், ஏழாவதுல உப்புன்னு அக்கா சொன்னாங்களே. அவங்களுக்குப் பல்லு, நாக்கு எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டார்.

"அதாம்மா பிரச்சினையே. நாளைக்கு வண்டியில அவங்களையும் ஏத்திக்கோ."