பட்டன்காரர்

வரைபடம் என்றால் கோடு இருக்கும், கோட்டைப் பார்த்தால் விசயம் விளங்கும் என்று நம்பியிருக்கும் அப்பாவி வாசகரே, பட்டன்காரர் என்றோர் இனம் கனடாவின் மார்க்கம் நகரப் பக்கத்து அலுவலகங்களில் பெருகிவருவதை அறிவீர்களா? இவருக்கு ஒரு படத்தைச் சும்மா பார்க்க வராது. எதையாவது அமத்தவேண்டும், இழுக்கவேண்டும், மறைக்கவேண்டும், மறைத்ததைத் தேடவேண்டும்.

கிளிபோட் என்ற இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். வோபர்னில் தங்கள் தெருமுனை பஸ் தரிப்பிடத்தை எடுக்கப்போகிறார்கள் என்றதும், பக்கத்து வீட்டு வேரோனிக்கா அன்ரி இரண்டு கிழமை காலையில் வேலைக்குப் போகும்போது எண்ணி, ஏறியவர்களைக் கலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் கோடு கோடாகக் கீறி, பஸ் நிர்வாகத்தின் கூட்டத்தில் படமாகக் காட்டச்சொல்லி அவரிடம் கொடுத்தார். தரிப்பிடம் இல்லாமல் போனால் அன்ரிக்கு முழங்கால் நோவோடு பனியில் பதினைந்து நிமிடம் நடை.

“தம்பி, எத்தினை பேர் ஏறினம் எண்டு தெரிஞ்சால் காணும்.”

காணுமா? கிளிபோட்டுக்கு அது போதுமா? கணினிப் படத்தில் நேரத்தை முன்னும் பின்னும் இழுக்க ஒரு ஸ்லைடர், பனி நாளைப் பிரிக்க ஒரு பட்டன், காலையை மறைக்க இன்னொன்று, நிறம் மாற்ற ஏழு வட்டங்கள், எல்லாம் குழம்பினால் பழையபடி கொண்டுவர ஒன்று. அந்தக் கடைசி ஒன்றை மட்டும் பிறகு செய்யலாம் என்று விட்டுவிட்டார்.

கூட்டத்தில் பேசக் கிடைத்தது மூன்று நிமிடம். இரண்டு நிமிடம் நிறங்களுக்குப் போனது. பிறகு, “இப்ப காலமையை மறைச்சுப் பாப்பம்” என்று ஆங்கிலத்தில் பூரித்தபடி அமத்தினார். அன்ரி எண்ணியதே காலையில் மட்டும்தான். திரையில் பெரிதாகப் பூச்சியம். மறைத்த பட்டனும் காலையோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

“அப்படியானால் ஒருவருமே ஏறுவதில்லை?” கூட்டத் தலைவி குறித்துக்கொண்டார்.

கிளிபோட்டின் காது சூடேறியது. ஒன்றை அமத்தினார். பூச்சியம் நீலமானது. இன்னொன்றை அமத்தினார். பச்சையானது.

“உந்தப் பட்டனுகளை விடும் தம்பி.” அன்ரி எழும்பிக் கலண்டர் தாளை உயர்த்திப் பிடித்தார். நெருக்கியடித்து நின்ற கோடுகள் கடைசி வரிசைக்கும் தெரிந்தன. “ஒரு நாளும் முப்பதுக்குக் குறையேல்லை. அதை மட்டும் சொல்லும்.”

அதை மட்டும் சொன்னார். தரிப்பிடம் தப்பியது.

வெளியே வந்து அதே தரிப்பிடத்தில் நிற்கையில் கிளிபோட் மெல்லத் தொடங்கினார். “அன்ரி, அந்தத் தாளுக்கு ஒரு ஸூம் இருந்தால் நல்லாயிருக்குமல்லோ?”

“கிட்டப் பிடிச்சுப் பாரும். அதுதான் ஸூம்.”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதை வாசிக்கத் தொடங்குமுன் எழுத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, பின்னணியைக் கறுப்பாக்கி, பிறகு வெள்ளையாக்கிப் பார்த்தது யார்?