வேனுக்கு ஒரு நேர்த்தி

இந்த வேனில் ஐந்தாவது ஆள் ஏறக் கூடாது.

வேன் வாங்குவது என்று முடிவான அன்றே இந்தத் தீர்மானத்தையும் நான் நிறைவேற்றிவிட்டேன். ஒருமனதாக. அந்த ஒரு மனது என்னுடையது.

நான், என் மனைவி பியசீலி, பெரியவள் நெத்மி, சின்னவன் சனுஜ. இத்தனை வருஷமாக எங்கள் நாலு பேரையும் ஒரே மோட்டார் சைக்கிள் சுமந்தது. டாங்கின் மேல் சனுஜ, பின்னால் பியசீலி, நடுவில் வடை மாதிரி தட்டையாக நெத்மி. மழை வந்தால் ஒரு குடை, அதுவும் பியசீலி கையில். எனக்கு அதிலிருந்து வடிகிற தண்ணீர் கழுத்து வழியாக உள்ளே இறங்கும்.

இப்போது ஜப்பானில் யாரோ ஒரு புண்ணியவான் அலுங்காமல் ஓட்டிவிட்டு விற்ற வேன் எங்கள் வேயங்கொடை வீட்டுக்கு வரப்போகிறது. சாய்ந்து படுக்கிற சீட்டு, தலைக்கு மேலே குளிர்காற்று, ஜன்னலுக்குத் திரை, தானே வழுக்கித் திறக்கிற கதவு.

"நாலு பேருக்கு எதுக்குங்க பத்து சீட்டு?" என்றாள் பியசீலி.

"கால் நீட்ட."

"நமக்கு இருக்கறதே எட்டுக் கால்தானே?"

"மீதி சீட்டுல பையை வைப்போம்."

"பத்து சீட்டு இருக்கறது பத்துப் பேர் உக்காரத்தானே. குணவதி அக்காகிட்டகூட நேத்தே சொல்லிட்டேன்."

மீரிகமையில் என் சித்தப்பா ஒருவர் வேன் வாங்கினார். முதல் மாதம் அவர் ஊரில் பெரிய மனிதர். ஆறாம் மாதம் ஊருக்கே டிரைவர். கல்யாணம், கருமாதி, பிரசவம், பொண்ணு பார்க்கப் போவது, பார்த்த பொண்ணு வேண்டாம் என்று சொல்லப் போவது, எல்லாவற்றுக்கும் அவர்தான். சித்தி அவரோடு பேச வேண்டுமென்றால் வேனைக் கேட்டு வருகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

எங்கள் தெரு விகாரை ஒழுங்கை. அதில் ஒரு வீட்டிலும் வேன் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். எல்லாரும் தூரத்தில் இருந்தார்கள். நினைத்தாலே எனக்கு வியர்த்தது.

வேன் வந்தது. பால்சோறு வெட்டிப் பங்கு வைத்தோம். ஒழுங்கையே வந்து வேனுக்குள் ஏறி இறங்கியது. பக்கத்து வீட்டுக் குணவதி அக்கா நடு சீட்டைச் சாய்த்துப் பார்க்கிறேன் என்று படுத்தவர், தேநீர் வருகிறவரை எழுந்திருக்கவில்லை.

"தம்பி, இது சீட்டு இல்ல, சொர்க்கம்" என்றார் கண்ணைத் திறக்காமல். "கேகாலைக்குப் போகக்கூட இடுப்பு வலிக்காது."

கேகாலையில் அவருக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பாதியில் பயந்து நிறுத்திவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் கேட் கிரீச்சிட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அலுவலகம் போகும்போது பஸ் நிற்கிற இடத்தில் ஒழுங்கைக்காரர்கள் நின்றால் நேராகப் பார்த்தபடியே ஓட்டுவேன். கழுத்தைத் திருப்பாமல் ஓட்டி ஓட்டிக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. கழுத்துக்கு எண்ணெய் தேய்க்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. இப்படி ஒரு மூளை எனக்கு இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

மஞ்சள் தண்ணீரில் ஒரு காசைக் கழுவினேன். வெள்ளைத் துணியில் முடிந்தேன். வேனுக்குள் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டேன். பியசீலியைக் கூப்பிட்டேன்.

"பியசீலி, உன்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். வேன் நல்லபடியா வீடு வந்து சேரணும்னு கதிர்காமத் தெய்வத்துக்கு நேர்த்தி வெச்சிருந்தேன்."

அவள் துணிமுடிச்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"நான்தான். வேனோட முதல் நெடும்பயணம் கதிர்காமத்துக்கு. அதுவரைக்கும் வேன் சுத்தமா இருக்கணும். செத்த வீட்டுக்குப் போகக் கூடாது, தீட்டு வீட்டுக்குப் போகக் கூடாது, மீன் மாமிசம் சாப்பிட்டவங்க ஏறக் கூடாது."

"எப்ப வெச்சீங்க?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "புதன்கிழமை. புதன்கிழமைதானே நல்ல நாள்."

"எங்க?"

"சந்தியில இருக்குதே சின்னக் கோயில், அங்க. ஆபீஸ் விட்டு வர்றப்ப. சாயங்காலம்."

"ம்" என்றாள். "நல்லதாப் போச்சு. தெய்வ காரியம்."

அவ்வளவுதான். ஒரு மறுப்பு இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை கேட் கிரீச்சிட்டது. குணவதி அக்கா, கையில் குடையோடு.

"தம்பி, கேகாலையில எங்க பெரியம்மாவோட மருமகன் போயிட்டாரு."

"அடடா. ரொம்ப வருத்தம் அக்கா. ஆனா பாருங்க." கண்ணாடியில் தொங்கிய முடிச்சைக் கண்ணால் காட்டினேன். "கதிர்காமம்."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐயோ, செத்த வீட்டுக்கா கேட்டேன்? தெய்வமே, மன்னிச்சுக்கோ." பின்பக்கமாகவே நடந்து கேட்டைத் தாண்டிப் போனார்.

பால்காரர் லயனல், தன் மகள் பெரியவளான சடங்குக்குச் சொந்தக்காரர்களைக் கூட்டி வரக் கேட்டார். தீட்டு. விகாரை ஒழுங்கைக் கோடியிலிருந்து கல்யாணத்துக்குக் கேட்டார்கள். "கல்யாணச் சாப்பாட்டுல மீன் இருக்கா?" என்றேன். இருக்கிறதாம். "திரும்பி வர்றப்ப அந்த வயித்தோடதானே ஏறுவீங்க?" என்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கதிர்காமத்துக்கு எப்போது போவது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. போகிற எண்ணமே எனக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். பருப்பு. பலாக்காய். தேங்காய்ச் சம்பல். கீரை.

"மீன் எங்க?"

"எந்த மீனு?"

"சூரை மீன் வாங்கிட்டு வந்தியே, கொறுக்காய்ப் புளி போட்டு வரட்டுறேன்னு."

பியசீலி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நேர்த்தி வெச்சவர் வாயில மீனா? நான் பாவம் தேடிக்க மாட்டேன். முழுசா குணவதி அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப நீங்க என்ன சாப்பிடப் போறீங்க?"

"நாங்க அக்கா வீட்டுலதான். நேர்த்தி வெச்சது நீங்கதானே? நாங்க தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வேன்ல ஏறினாப் போதும்னு அக்கா விசாரிச்சுட்டாங்க."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொறுக்காயும் மிளகும் சேர்ந்து வெந்த வாசனை வந்தது. சனுஜவின் சிரிப்புச் சத்தமும் வந்தது. நான் கீரையைப் பிசைந்தேன்.

அலுவலகத்தில் ஒரு நாள் தாங்க முடியாமல் ஒரே ஒரு துண்டுப் பொரித்த மீனை வாயில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வேன் கதவருகே பியசீலி நின்று மூக்கை உறிஞ்சினாள். "வேனை அங்கேயே விட்டுட்டு பஸ்ல வந்திருக்கலாம்ல?" என்றாள். மறுநாள் வேனை அவள் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினாள். நான் பஸ்ஸில் போனேன், நின்றுகொண்டு. சொந்தமாகப் பத்து சீட்டு வைத்திருக்கிற மனிதன்.

மீன்கூடப் பரவாயில்லை. பயம்தான் என்னைத் தின்றது. வைக்காத நேர்த்தியை வைத்ததாகச் சொல்லிவிட்டேன். சொன்னது வேறு யாரிடமாவது என்றால் சமாளிக்கலாம், கதிர்காமத் தெய்வத்தின் பெயரில் சொல்லிவிட்டேன். ஒரு நாள் வெயில் கொளுத்தும்போது வைப்பர் தானாக ஆடியது. இன்னொரு நாள் அந்தச் சந்திக் கோயில் எதிரே சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கக் கதவு தானாக வழுக்கித் திறந்தது. யாரையோ ஏற்றிக்கொள்வது போல இரண்டு நிமிஷம் திறந்தே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"யாரு ஏறினாங்கப்பா?" என்றாள் நெத்மி.

எனக்குக் குளிர்காற்றிலும் முதுகு நனைந்துவிட்டது. பின் சீட்டில் பியசீலி கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பொத்தான் வைத்த மாற்றுச் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பவள் அவள்தான். ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் யோசிக்கிற நிலைமை இல்லை.

"பியசீலி, இந்தச் சனிக்கிழமையே கதிர்காமம் போயிடலாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"போலாமே. எப்பக் கிளம்பறது?"

"விடியறதுக்கு முன்னாடி. சத்தமில்லாம. நாம நாலு பேர் மட்டும். போயிட்டு வந்ததும் யாருக்கும் சொல்ல வேண்டாம்."

"ஏன் சொல்ல வேண்டாம்?"

"புண்ணியத்தைச் சொன்னா குறைஞ்சிடும்."

என் கணக்கு எளிது. தெய்வத்துக்கு நேர்த்தி தீர்ந்துவிடும். ஒழுங்கைக்கு மட்டும் தீராமலே இருக்கும். முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு அதே மாதிரி வேறொன்றைக் கட்டிவிடலாம். அந்த இரவு பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை இருட்டோடு கேட்டைத் திறந்தேன். கிரீச் என்றது. வெளியே வெள்ளை வெளேரென்று நின்றார்கள். குணவதி அக்கா, லயனல், லயனலின் மனைவி, அவர்கள் மகள், கோடி வீட்டுக் கல்யாண ஜோடி, பெயர் தெரியாத ஒரு பெரியவர். எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். எல்லார் கையிலும் பழத்தட்டு. கல்யாண மாப்பிள்ளை கூடுதலாக இரண்டு முக்காலிகளும் கொண்டு வந்திருந்தான்.

"தம்பி, ஒரு வாரமா நாங்க யாரும் மீன் தொடலை" என்றார் குணவதி அக்கா. "கேகாலைத் தீட்டும் கழிஞ்சிருச்சு. தலைக்குக் குளிச்சிட்டோம். மோந்து வேணா பாருங்க."

நான் பியசீலியைப் பார்த்தேன்.

"சாமிகிட்டப் போறவங்களை வேணாம்னா பாவமில்லையா?" என்றாள், என் காதோரமாக.

கதிர்காமம் வரை அத்தனை மணி நேரமும் நானே வேன் ஓட்டினேன். சாய்ந்து படுக்கிற சீட்டுகளில் எல்லாரும் படுத்திருந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பெயர் தெரியாத பெரியவர் வழிநெடுக என் காதில் பிரித் மந்திரம் ஓதினார். யார் என்று இடையில் கேட்டேன். "நான் கேகாலை" என்றார்.

மாணிக்க கங்கையில் குளித்தோம். பழத்தட்டைக் கொடுத்தோம். கற்பூரம் எரிகிற தேங்காயை ஓங்கி உடைத்தேன். காசு முடிச்சைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை இறுக்க மூடினேன். தெய்வமே, வைக்காத நேர்த்தியையும் தீர்த்துவிட்டேன், என்னை விட்டுவிடு என்று அழாத குறையாகக் கேட்டேன். உண்மையிலேயே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. பயம் போனதும் எனக்கு எங்கிருந்தோ வீரமும் வந்தது. இனிப் பொய் வேண்டாம், மனிதன் மாதிரி நேராகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

மற்றவர்கள் கரைக்கு அந்தப் பக்கம் தயிரும் கருப்பட்டிப் பாணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பியசீலி ஆற்றோரக் கல்லில் குந்தி ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"பியசீலி, நேர்த்தி முடிஞ்சுது. இனிமே ஒளிவு மறைவு இல்லை. இந்த வேன் நம்ம குடும்பத்துக்கு மட்டும்தான். நாளைக்கு ஒழுங்கையில எல்லார்கிட்டயும் நானே சொல்லிடப் போறேன்."

"அது முடியாதுங்களே."

"ஏன் முடியாது?"

"நானும் ஒரு நேர்த்தி வெச்சிருக்கேன். வேன் நல்லபடியா வீடு வந்து சேந்தா, ஒழுங்கையில யார் வந்து கேட்டாலும் இல்லேன்னு சொல்ல மாட்டோம்னு."

"இத்தனை நாள் சொல்லலையே? எப்ப வெச்ச?"

"புதன்கிழமை. சாயங்காலம்."

"எங்க?"

"சந்தியில, அந்தச் சின்னக் கோயில்ல."

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "நான் அந்த நேரத்துல அங்கதானே இருந்தேன்? உன்னைப் பாக்கவே இல்லையே."

பியசீலி பிழிந்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நானும்தான் உங்களைப் பாக்கல" என்றாள்.